பதினோராம் எண் பன்றியின் வயிற்றில் கூழ்

போன மாதம் ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"சார், பன்னி ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்துல ஒரு வரி இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒரு வரியை அடிச்சிருக்கீங்க. அடிச்சதை விட்டுட்டு மீதியை மட்டும் ஏத்திடலாமா?"

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. 'இரைப்பையில் காணப்பட்டவை' என்ற இடத்தில் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு என்று எழுதியிருக்கிறதே, பக்கம் மாறி எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பக்கம் மாறவில்லை என்றேன். அடித்த வரிக்கு அப்புறம் பதில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சிரித்தவர்கள் மேல் கோபம். அவர்கள் பிறந்து பால் குடித்துக்கொண்டிருந்தபோது நான் பன்றியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மையத்தின் ஆண்டு மலருக்கு 'மறக்க முடியாத இனிய அனுபவம்' ஒன்று எழுதித் தரும்படி ஏற்கெனவே ஒரு கடிதமும் வந்து கிடந்தது. சரி, இதையே எழுதித் தருகிறேன். இனிமை இருந்தால் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏழுமலை. உத்திரமேரூர் பக்கத்து ஏரிக்கரைக் கிராமம். பத்தாவது பெயில். மாட்டு ஆஸ்பத்திரியில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். அங்கே நிரந்தரம் ஆக்க மாட்டேன் என்றார்கள், சண்டை போட்டு வந்துவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கம் ரோட்டோரமாக இந்த மையம் வந்தது. சென்னைக்கு அனுப்பி ஆறு மாதம் எலி பிடிக்கவும் ஊசி போடவும் கூண்டு கழுவவும் சொல்லிக் கொடுத்தார்கள். எலி மூன்று தடவை கடித்தது. பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்துப் பன்றிகள் வந்தன. வெள்ளைச் சீமைப் பன்றிகள். கூடவே டாக்டர் இந்திராணி வந்தார்.

வேலை என்னவென்றால் இதுதான். கணையத்தில் வரும் புற்றுநோய் பொல்லாதது. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வளரும். தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பலருக்கு வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்யவும் முடியாது. கிழிக்காமல், வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, இரைப்பைச் சுவர் வழியாக ஊசி குத்தி, ஊசிக்குள் தூண்டில் நரம்பை விட மெல்லிய ஒரு கண்ணாடி இழையைச் செலுத்தி, அதன் நுனியில் லேசர் பாய்ச்சிக் கட்டியை மட்டும் சுட்டுவிட முடியுமா? மனிதனுக்குச் செய்வதற்கு முன், நோய் இல்லாத பன்றியின் கணையத்தில் ஓர் இடத்தைச் சுட்டுப் பார்ப்பார்கள். சுட்ட இடம் எவ்வளவு, சுற்றிலும் கெடுகிறதா, பன்றி தின்கிறதா, நடக்கிறதா என்று பதினாலு நாள் கவனிக்க வேண்டும். அப்புறம் அதை வலியில்லாமல் முடித்து, உள்ளே திறந்து பார்க்க வேண்டும்.

ஆமாம், முடிப்போம். அதை ஒளித்து எழுத எனக்குத் தெரியாது.

ஊரில் யாருக்கும் இது விளங்கவில்லை. பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்துக்கு "பன்னி ஆஸ்பத்திரி எறங்கு!" என்றே குரல் கொடுப்பான். டீக்கடையில் ஒருத்தர் கேட்டார்: "ஏம்பா, பன்னிக்கு கேன்சர் வந்தா இன்னா, வராட்டி இன்னா? அதுக்குப் போயி மெட்ராஸ்லேர்ந்து டாக்டரா?" பன்றிக்குக் கேன்சர் இல்லை என்றேன். "அப்ப நல்லா கீற பன்னிக்கு இன்னாத்துக்கு வைத்தியம்?" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஊரில் விஷயம் புரிந்த ஒரே ஆள் காதர் பாய். உத்திரமேரூர் பஜாரில் தீவனக் கடை வைத்திருந்தார். தவிடும் புண்ணாக்கும் அவர்தான் எங்களுக்கு அனுப்புவார். மூட்டை வண்டியில் தாமே ஏறி வருவார். கேட்டுக்கு உள்ளே கால் வைக்க மாட்டார். பன்றி என்ற வார்த்தையை வாயால் சொல்லவும் மாட்டார். ஆனால் தினமும் விசாரிப்பார்.

"ஏழுமல, உங்க ஆளுங்க எப்படி கீறாங்க?"

"நல்லா கீறாங்க பாய்."

"துன்றாங்களா?"

"துன்றாங்க."

"ஒயுங்கா பாத்துக்க."

அவருடைய அண்ணனுக்கு அதே கணையத்தில் அதே நோய். சென்னையில் காட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் எங்கள் கொட்டிலில் ஒரு பன்றி தும்மினாலும் காதர் பாய்க்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்போது டாக்டர் இந்திராணி. ஐந்தடி கூட இருக்க மாட்டார். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மணை போட்டு, அதன் மேல் நின்றுதான் வேலை செய்வார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. என்னைப் போலக் கத்துகிறவனுக்கு அதுதான் பெரிய தொல்லை. கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது?

மயக்க மருந்து கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்பார். தினமும் அதே மூன்று, அதே வரிசை.

"காது நம்பர்?"

"பதினொண்ணு மேடம்."

"எடை?"

சொல்வேன்.

"வயிறு காலியா?"

"காலி மேடம்."

"கண்ணால பார்த்தீங்களா?"

'பார்த்தேன்' என்று சொன்னால் வேலை தொடங்கும். 'காலியாத்தான் இருக்கும்' என்று சொன்னால் கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பார். நாம் ஓடிப்போய்த் தீவனத் தொட்டியைப் பார்த்துவிட்டு வரும் வரை வாயைத் திறக்க மாட்டார். அந்த ஜன்னலில் ஒரு வேப்ப மரத்தைத் தவிர எதுவும் தெரியாது.

பதிவேட்டிலும் அவருக்கு ஒரு சட்டம். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தாளைக் கிழித்தால் வேலையை விட்டே போகலாம். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து. "நாம முதல்ல என்ன நினைச்சோம்னும் தெரியணும் ஏழுமலை" என்பார். அப்போது எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது.

லேசர் போடும் நாளில் அறைக்குள் எல்லோரும் பச்சைக் கண்ணாடி மாட்ட வேண்டும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும். பன்றியின் கண்ணையும் ஈரப் பஞ்சு வைத்து ஒட்டிவிடுவோம். எங்கள் கொட்டில் கழுவும் கன்னியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அல்லாரும் கூலிங் கிளாஸ் மாட்டிக்கினு ஒரு பன்னியச் சுத்தி நிக்கறீங்களே, மாப்ள அயைப்பா?" என்று கேட்டாள்.

கன்னியம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வயதுதான். எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் பெரிது. என்னைக் கேலியாகச் 'சூப்பர்வைசரே' என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒரு நாள் கூட சூப்பர்வைசராக இருந்ததில்லை. கொட்டில் கழுவுவதும், காலை மாலை தீவனம் போடுவதும் அவள் வேலை. பன்றிகள் என்னைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கும், அவளைக் கண்டால் கதவுக்கு வரும். அதற்கு அவள் மேல் எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைத்தால், ஆமாம், பொறாமைதான்.

எங்கள் முதல் பன்றி இறந்துவிட்டது. சூடு அதிகமாகிக் கணையத்தின் நீர் கசிந்தது. அந்த நீர் வேலையே செரிப்பதுதான். வெளியே கசிந்தால் நம் சதையையே செரிக்கும். மயக்கத்திலிருந்து எழாமல் இன்னொன்று போனது. டாக்டர் சூட்டைக் குறைத்தார், நேரத்தைக் குறைத்தார், அடுத்தவை பிழைத்தன. ஆனால் அனுமதி கொடுக்கும் குழுவிலிருந்து கடிதம் வந்திருந்தது: இன்னொன்று செத்தால் சோதனையை நிறுத்த வேண்டும். அந்த நிலைமையில்தான் பதினோராம் எண்ணின் முறை வந்தது.

முறை வந்த நாள் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் எல்லா அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள். லேசருக்கு முதல் நாள் காலையிலிருந்து பன்றிக்குத் தண்ணீர் மட்டும்தான். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். அதனால் பட்டினி போடும் பன்றியின் கொட்டில் கதவில் ஒரு தகரப் பலகை மாட்டுவோம். சிவப்புப் பலகை. அது தொங்கினால் அந்தக் கதவுக்குள் தீவனம் போகக் கூடாது. மாட்டுவது என் பொறுப்பு. ஞாயிறு காலை மூன்றாம் கொட்டிலில் மாட்டினேன். வேண்டுமானால் பழைய பதிவேட்டில் பாருங்கள், நேரத்தோடு எழுதியிருக்கிறேன்.

திங்கள் காலை டாக்டர் வந்தார். மூன்று கேள்வி கேட்டார்.

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்" என்றேன்.

பன்றி தூங்கியது. மூச்சுக் குழாய் வைத்தார்கள். டாக்டர் மணை மேல் ஏறி, வாய் வழியாக அந்தக் குழாயை விட்டார். அதன் நுனியில் விளக்கும் கேமராவும் ஸ்கேனும் இருக்கும், உள்ளே இருப்பது டிவியில் தெரியும். வழக்கமாக இரைப்பை ஈரமான ரோஜா நிற மடிப்பாகத் தெரியும். அன்றைக்கு டிவி பூராவும் சாம்பல் நிறம். சேறு மாதிரி. டாக்டர் குழாயைக் கொஞ்சம் ஆட்டினார். சேற்றுக்குள்ளிருந்து ஒரு பச்சை இலை மெதுவாக மேலே வந்து கேமரா முன்னால் நின்றது.

"இது என்ன இலை?" என்று டாக்டர் கேட்டார்.

சின்ன டாக்டர் ஒருவர், "ட்யூமர் மாதிரி இல்ல மேடம்" என்றார்.

"முருங்கைக்கீரை" என்றேன். எனக்குத் தெரியாதா?

அப்போது இலைக்குப் பக்கத்தில் ஒரு மீன் மிதந்து வந்தது. கண்ணோடு. நெத்திலி.

டாக்டர் லேசரை நிறுத்தச் சொன்னார். உறிஞ்சி எடுக்கப் பார்த்தார்கள். கூழ் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொண்டது. எழுப்பிவிடலாம் என்று மூச்சுக் குழாயை எடுத்த நேரம் பன்றி வாந்தி எடுத்தது. கவிழ்த்துப் பிடித்துத் துடைத்தோம். ஆனாலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. எழுந்தபோது அதன் மூச்சு ஓட்டைத் துருத்தி மாதிரி இரைந்தது.

நான் நேராகக் கன்னியம்மாளிடம் போனேன்.

"கூழ் ஊத்தினியா?"

"ஊத்தனேன். ஆடி மாசம். ஊரே குடிக்குது. வாயில்லா ஜீவன் மட்டும் தவிடு துன்னணுமா? சாயங்காலம் அல்லாத்துக்கும் ஒரு சொம்பு ஊத்தனேன். இன்னா இப்ப?"

"கருவாடுமா?"

"கருவாடு இல்லாம கூயு எப்படி எறங்கும்?"

நான் கத்திய கத்தல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். வெளிச் சாப்பாடு போடக் கூடாது என்று விதி இருக்கிறதா இல்லையா என்றேன். பட்டினிப் பன்றிக்கு ஊற்றியிருக்கிறாயே, நீ மனுஷியா என்றேன். அவள் அசரவில்லை.

"போர்டு மாட்டன ரூம்ல நான் ஊத்தல."

"பொய்!"

"போர்டு மாட்டன ரூம்ல ஊத்தல" என்று அதையே திரும்பச் சொன்னாள்.

நான் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, 'காரணம்' என்ற இடத்தில் எழுதினேன்: துப்புரவுப் பணியாளர் கன்னியம்மாள் விதியை மீறிப் பட்டினிப் பன்றிக்குக் கூழ் ஊற்றினார். கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை அவள் உள்ளே வரக் கூடாது, இதே பக்கத்தைக் காட்டி அவளை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்றார். நல்லது என்றேன். அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் கொட்டிலைக் கழுவ ஆள் இல்லை. நானே போனேன். மூன்றாம் கொட்டிலில் ஒரு பன்றி உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. பதினோராம் எண் நோய் அறையில் படுத்திருக்கிறது, மூன்றாம் கொட்டில் காலியாக அல்லவா இருக்க வேண்டும்? எட்டிப் பார்த்தேன். காதில் எண் பன்னிரண்டு. கதவில் சிவப்புப் பலகை.

வாளியை அங்கேயே வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கழுவுவதற்காகப் பதினொன்றையும் பன்னிரண்டையும் நடைபாதையில் விட்டேன். திரும்பி அடைக்கும்போது பதினொன்று மூன்றுக்குள் போக மாட்டேன் என்று அடம் பிடித்து நாலுக்குள் ஓடிவிட்டது. பன்னிரண்டு மூன்றுக்குள் போனது. எது எங்கே படுத்தால் என்ன, பலகையை மட்டும் மாற்றி மாட்டலாம் என்று தாழ்ப்பாளைப் போட்டேன். மாற்றவில்லை. மறுநாள் பன்றியை ஓட்டி வரும்போது காது எண்ணைப் பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை. தொட்டியையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. பன்றித் தொட்டி எப்போதும் நக்கித் துடைத்துக் காலியாகத்தான் இருக்கும்.

ஆக, படிக்கத் தெரியாத கன்னியம்மாள் பலகையின் சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்டிருந்தாள். பட்டினி கிடக்க வேண்டியது கூழ் குடித்தது. ஒரு காரணமும் இல்லாத பன்னிரண்டு ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தது.

பன்னிரண்டுக்கு இரண்டு பங்கு தவிடு போட்டேன். பலகையைக் கழற்றிச் சாமான் அறையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது நியாயம் பேசப் போவதில்லை. பயம். நாற்பது வயசுக்கு மேல் வேறு வேலை யார் கொடுப்பார்கள் என்ற பயம். அவளுக்கும் அதே வயசுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. 'என்ன இருந்தாலும் கூழ் ஊற்றியது தப்புதானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வளாகத்தில் உண்மை தெரிந்தது இரண்டே பேருக்கு, எனக்கும் பன்னிரண்டுக்கும். பன்னிரண்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கத்தியது. அதை யாராவது மொழிபெயர்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பதினொன்று எழுந்திருக்கவில்லை. காய்ச்சல். ஊசி போட்டோம், ஆக்சிஜன் வைத்தோம். ஊட்டினால் துப்பியது. நான் வாழைப்பழம் கொடுத்தேன், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது. டாக்டர் இரண்டு நாளும் சென்னைக்குத் திரும்பிப் போகாமல் காஞ்சிபுரத்தில் தங்கி, ஓரிக்கைப் பாலம் தாண்டிக் காலையில் முதல் ஆளாக வந்து நின்றார்.

கேட்டில் காதர் பாய்.

"ஏழுமல, உங்க ஆளு?"

"படுத்துகினு கீது பாய்."

"துன்னலியா?"

"துன்னல."

பாயின் முகம் சுருங்கியது. அவர் அண்ணனும் அந்த வாரம் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். கேட்டுக்கு எதிர்ப்புறம் புளிய மரத்தடியைக் காட்டினார். கன்னியம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொம்பள காலைலேர்ந்து அங்கதான் குந்திகினு கீது. பேஜாரா பூட்டுது எனக்கு. வூட்டுக்குப் போம்மான்னா, பதினொண்ணு எய்ந்துதா சொல்லு, போறேன்னுது. நீ இன்னாப்பா அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லாம உள்ள உள்ள ஓட்ற?"

நான் உள்ளே ஓடினேன்.

வியாழக்கிழமை டாக்டர் என்னைக் கேட்டார்: "இது யார் கொடுத்தா சாப்பிடும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கன்னியம்மா குடுத்தா சாப்புடும் மேடம்."

"கூப்பிடுங்க."

"விசாரணை முடியலையே மேடம்?"

"விசாரணை அவங்களுக்குத்தான். பன்றிக்கு இல்ல."

கன்னியம்மாள் வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்து, காது மடலைச் சொறிந்துவிட்டாள். "இன்னாடா, மாமியா வூட்டுக்கு வந்த மாதிரி படுத்துகினு கீற? எய்ந்திரு" என்றாள். தவிட்டைத் தண்ணியாகக் கரைத்து உள்ளங்கையில் ஏந்தினாள். மூக்கு ஆடியது. ஒரு நக்கு நக்கியது. பிறகு இன்னொன்று. சாயங்காலம் நாலு காலில் நின்றது.

வெளியே போகும்போது அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சூப்பர்வைசரே, ஒன் ஊசிக்கு எய்ந்துதுன்னு எய்திக்க."

வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர், டாக்டர், கன்னியம்மாள், நான். மேஜை மேல் பதிவேடு, என் வரி திறந்தபடி. மேனேஜர் அதை வாசித்தார். கன்னியம்மாள் மறுபடியும் அதையே சொன்னாள்: "போர்டு மாட்டன ரூம்ல நான் ஊத்தல."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றார் மேனேஜர்.

"படிக்கத் தெரியாது. செவப்பு கீதா இல்லியான்னு பாக்கத் தெரியும்."

"கூழ் ஊத்தினதே தப்பு."

டாக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கூழ் தப்புதான். அதைத் தனியா பேசலாம். ஆனா அதை ஊத்தாட்டியும் சாயங்காலத் தவிடு போயிருக்கும். கேள்வி வயித்துக்குள்ள என்ன இருந்ததுன்னு இல்ல. ஏன் ஏதாவது இருந்ததுங்கறது." பிறகு என்னைப் பார்த்தார். "ஏழுமலை, பலகை பதினொண்ணு கதவுல இருந்ததா? கண்ணால பார்த்தீங்களா?"

'பார்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை சொன்னேனே, அதே வார்த்தை. பக்கத்துக் கொட்டிலில் பன்னிரண்டு கத்தியது. தீவன நேரம், அதனால் கத்தியது. எனக்கு அப்படிப் படவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

"இல்ல! போர்டு பன்னெண்டு கதவுல இருந்துச்சு! நான்தான் மாத்தாம வுட்டேன்! தொட்டியையும் பாக்கல! ஏன் மாத்தலைன்னு கேப்பீங்க, கேளுங்க! எங்க தெருவுல கூழு ஊத்தறாங்க, தீந்துடப் போவுதுன்னு ஓடினேன்! ரெண்டு சொம்பு குடிச்சேன்! போதுமா?"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். முதலில் பேசியது கன்னியம்மாள்.

"கருவாடு இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் ஆடியது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நிமிர்ந்தபோது முகம் பழையபடி இருந்தது. பதிவேட்டை என் பக்கம் தள்ளிப் பேனாவைக் கொடுத்தார்.

"இந்தத் தாளை எடுத்துட்டு வேற எழுதித் தரேன் மேடம்" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு கோடு" என்றார். "கீழ இருக்கறது படிக்கணும்."

கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: இல்லை. பன்றி இடம் மாறியபோது பலகையை மாற்றி மாட்டாதவன் நான். கையெழுத்துப் போட்டேன். டாக்டர் அதைக் கன்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினார், அடித்த வரியையும் சேர்த்து.

"மொதல்ல எய்தனதும் தெரிதா?" என்று கேட்டாள்.

"தெரியும். எப்பவும் தெரியும்" என்றார் டாக்டர்.

"அப்ப சரி" என்றாள்.

எனக்கு வேலை போகவில்லை. மூன்று மாதம் தீவனம் போடும் வேலையும் கொட்டில் கழுவும் வேலையும் எனக்கு. கன்னியம்மாளுக்குக் கூழ் ஊற்றியதற்காக எச்சரிக்கைக் கடிதம். அதை மேனேஜர் அவளுக்குப் படித்துக் காட்டினார். "நல்லா எய்திகீற" என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? போர்ட ஏன் கதவுல மாட்றீங்க? கதவா துன்னுது? பன்னிதான துன்னுது? பன்னி மேல போடுங்க."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "சரி" என்றார். அடுத்த நாளிலிருந்து பட்டினிப் பன்றியின் முதுகில் ஊதா மருந்தால் பெரிய பெருக்கல் குறி போட்டோம். எந்தக் கொட்டிலுக்கு ஓடினாலும் குறியும் கூட ஓடும். இத்தனை படித்தவர்கள் இருந்தோம், எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்த ஊதாக் குறி இருந்தது. யார் சொன்ன யோசனை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. இதிலாவது இருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்து, நன்றாகத் தேறியபின், பதினோராம் எண்ணுக்கு லேசர் போட்டோம். நான் முந்தின நாள் பூராவும் அதன் கொட்டில் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரைப்பை ரோஜா நிறத்தில் தெரிந்தது. ஊசி போனது, இழை போனது, குறி காட்டும் சிவப்புப் புள்ளி தெரிந்தது, டாக்டர் காலால் மிதியை அழுத்தினார், விட்டார். அன்று சாயங்காலமே தின்றது. பதினாலு நாளும் தின்றது. பதினைந்தாம் நாள் காலை கன்னியம்மாள் லீவு போட்டாள். ஊசி போட்டது நான்.

திறந்து பார்த்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கணையத்தின் வால் பக்கம், கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வெளுத்த வட்டம். விளிம்பு சுத்தமாக இருந்தது. அதைத் தாண்டி ஒரு நூல் கூடக் கெடவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன் மேடம்."

சாயங்காலம் கேட்டில் காதர் பாயிடம் சொன்னேன். அவர் அண்ணன் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆனாலும் மூட்டை வண்டியோடு அவரே வந்திருந்தார். கடலை அளவைக் கைவிரலில் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுசனுக்கு எப்ப வரும்?"

"தெரியாது பாய். நாளாவும்."

"பரவால்ல. உங்க ஆளுக்கு வந்துடுச்சு. எங்க ஆளுக்கும் வரும்" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார்.

இதுதான் அந்தப் பக்கத்தின் கதை. இதை எழுதி முடித்ததும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அடித்த வரியையும் ஏற்று என்றேன். கம்ப்யூட்டரில் அடித்த மாதிரி கோடு போட வராது சார், அழித்தால் முழுசாகப் போய்விடும் என்றாள். வருகிற மாதிரி செய் என்று கத்தினேன். பழைய வேகம் இன்னும் இருக்கிறது. பாவம், பயந்துபோய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "வருது சார், கோடு வருது" என்றாள்.

"கீழ இருக்கறது படிக்கற மாதிரி இருக்கா?"

"இருக்கும் சார்."

"கண்ணால பார்த்தியா?" என்றேன்.